சாட்டர்டன் துரையும் தோற்றொழிற் கல்வியும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழிலால் உயிர்வாழுங் குடும்பங்கள் மிகப்பல. அத்தொழிற்கு முன்னொரு காலத்து நேர்ந்த இடரையும், அதனை நீக்க முயன்ற ஒருவரது வரலாற்றையும் நம் இளைஞர் அறிதல் நலம். அவர்தாம் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர்.

1866-இல் பிறந்த இவர், 1888-இல் சென்னைக்கு வந்து பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயமர்ந்தார். பின்னர்க் கலைத்தொழிற் பள்ளியின் தலைமை பூண்டு, 1898-இல் ஆங்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். தொழிலில்லாத நாட்டில் தொழிற்கல்வி தனித்து வளராது. முதற்கண் தொழிலை நடத்திக் காட்டல் வேண்டும் என்பது இவர் கொள்கை.

அந்நாளில் நம் பகுதியார் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றாற் பதனிட்ட தோலைச் சீமைக்கு அனுப்பிவந்தனர். அமெரிக்காவில் குரோம் முறை பரவவே, அந்நாட்டார் பதனிட்ட தோலை விடுத்துப் பச்சைத்தோலையே வாங்கலாயினர். பச்சைத்தோலின் விலை ஏறிற்று. பதனிடுவோர் கைகள் சோர்ந்தன. இதனையுணர்ந்த சாட்டர்டன் 1903-இல் சென்னையிற் குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். காலணிகளும், உழவர் கவலையிறைக்கும் தோற்சால்களும் அம்முறையில் ஆக்கப்பட்டன.

1908-இல் இவர் மாகாணக் கைத்தொழில் டைரக்டரானார். ஆயின், அரசாங்கம் தொழிலிற் புகுவதை ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழிற்கல்வி அளிக்கலாமேயன்றித் தொழில் நடத்தலாகாதெனக் கட்டளை விடுத்தார். பல்லாண்டு முயற்சி ஒரு கடிதத்தால் தடைப்பட்டது! சாட்டர்டன் 1912-இல் மைசூர் சென்றார்.

அன்பர்களே, இங்கு ஓருண்மை விளங்கும். ஒருவரது ஊக்கத்தை மட்டும் பற்றி நிற்கும் அறம் அவரோடு அகலும். சட்டத்தில் வேரூன்றியதே நிலைக்கும். 1915-இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி தோன்றிற்று. சாட்டர்டன் உறுப்பினராயிருந்த 1916-18 கைத்தொழிற் கமிஷன், மாகாணந்தோறும் கைத்தொழில் இலாகா வேண்டுமென்றது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் கைத்தொழில் மாகாண மந்திரிகள் பொறுப்பாயிற்று. சென்னைச் சட்டசபை 1922-இல் கைத்தொழில் உதவிச் சட்டம் இயற்றியது.

எனினும் அச்சட்டம் தொழில் நடத்துவோர்க்குக் கடன் தந்ததேயன்றித் தொழிலாளியின் பயிற்சியைக் கட்டாயமாக்கவில்லை. சாட்டர்டன் 1958-இல் மறைந்தார். ஆலைகள் பழகுநரைச் சேர்த்து உதவித்தொகையும் அளித்துப் பயிற்றவேண்டுமென்னும் தொழில் பழகுநர் சட்டம் 1961-இலேயே பிறந்தது.

சுண்ணாம்புக் குழியில் நின்று தோலின் பக்குவத்தை விரலாலறியும் முதியோரின் அறிவுக்கு ஏட்டில் இடமில்லை. அவர்தம் மக்களுக்கேனும் அவ்விடம் கிட்டுதல் வேண்டும். சட்டம் கதவைத் திறக்குமேயன்றிக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லாது. ஆதலின், பள்ளிப்படிப்பு முடிந்த நம் பிள்ளைகளைப் பெற்றோர் வெறுங்கூலிக்கு விடாது, முறையான தொழிற்பயிற்சியிற் சேர்ப்பாராக. சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுதலும் கடமையே.