பிரஷர் மாத்திரையும் மயக்க மருந்தும்: டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் கதை தெரியுமா?

புதுச்சேரி சாரத்தில் இருந்து ஆபரேஷனுக்குப் போகிற எந்தப் பெரியவரிடமும் மயக்க மருந்து டாக்டர் தவறாமல் விசாரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான் அது. பிரஷர் மாத்திரையை எல்லாம் சொல்லணுமா என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு இந்திய டாக்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த வக்கீல்?

பெயர்தான் வக்கீல், தொழில் மருத்துவம். 1911ல் பிறந்த ருஸ்தம் ஜால் வக்கீல், லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1938ல் பம்பாய் திரும்பினார். இதய நோய் நிபுணராக கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றினார். உயர் ரத்த அழுத்தத்துக்கு நல்ல மாத்திரையே இல்லாத காலம் அது. உப்பைக் குறை, ஓய்வெடு என்பதைத் தாண்டி டாக்டர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

வேரில் இருந்த மருந்து

சர்ப்பகந்தா செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்று 1931லேயே சென், போஸ் என்ற இரு இந்திய டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் வெளிநாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வக்கீல் 50 நோயாளிகளுக்கு அந்த வேர் மாத்திரையைக் கொடுத்து, முடிவுகளை 1949ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் வேரில் இருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். சீக்கிரமே அது பல நாடுகளில் பிரஷர் மாத்திரை ஆனது. 1957ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆபரேஷன் மேஜையில் சிக்கல்

1950களின் நடுவில் மயக்க மருந்து டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ரிசர்பின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சரசரவென்று இறங்கின.

காரணம் இதுதான். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் நரம்பு முனைகளில் சேமிப்பாக இருக்கும். ரிசர்பின் அந்தச் சேமிப்பைக் காலி செய்துதான் பிரஷரைக் குறைக்கிறது. மயக்க மருந்தும் தன் பங்குக்குக் குழாய்களைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் மூளை, இதயம், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும். அழுத்தத்தை ஏற்றப் போடுகிற எபெட்ரின் ஊசியும் அதே சேமிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. கஜானாவே காலி என்றால் என்ன செய்யும்?

ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே ரிசர்பினை நிறுத்தச் சொன்னார்கள். பின்னாளில் இன்னொன்று புரிந்தது. நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், நார்அட்ரினலின் போல நேரடியாக வேலை செய்கிற மருந்தைத் தயாராக வைத்துச் சமாளிக்கலாம். தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

இப்போ என்ன?

ரிசர்பின் இன்று அபூர்வம். ஆனால் சிக்கல் போகவில்லை. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் எடுப்பவர்களுக்கும் மயக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இறங்கலாம். அதனால் பல டாக்டர்கள் முந்தைய நாளே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். அட்டெனொலால், மெட்டோப்ரோலால் விஷயம் நேர் எதிர். திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் பிரஷரும் எகிறலாம்.

அதனால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நீங்களே முடிவு செய்யாதீங்க. மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்து உட்பட, அப்படியே பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்க.

வக்கீல் 1974ல் காலமானார். நாட்டு மருந்து என்று ஒதுக்கப்பட்ட ஒரு வேருக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். அந்த வலிமையை ஆபரேஷன் மேஜையில் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மயக்க மருந்து டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.