மழையில் நின்று கோப்பை வாங்கிய வீரர்

கைநாட்டு வைப்பவர் என்றால் ஒரு காலத்தில் எத்தனை இளப்பம்! பத்திர ஆபீசில் பெருவிரலில் மையைத் தடவி அமுக்கிவிட்டு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! கொல்லிமலை அரியூர் நாட்டிலும் சரி, கீழே நாமக்கல் பட்டணத்திலும் சரி, தன் பெயரைத் தானே எழுதக் கற்றவர் முகத்தில் அன்று தோன்றிய பெருமிதத்துக்கு விலை உண்டா?

அப்படி, எழுத்துப் படிக்க வாய்ப்பே கிடைக்காத ஓர் ஏழை இந்தியர், உலகப் புகழ் பெற்ற வீரர்களைத் தோற்கடித்தார். அவர் கையெழுத்தைத் தேடி இன்று ஆள் அலைகிறது. அவர் பெயர் பாப்வா சிவ்கோலம். ஆடிய ஆட்டம் கோல்ப்.

கோல்ப் என்றால் என்ன?

நம் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடுகிறார்கள் அல்லவா? அதைப் போலவே இதுவும் கோலும் கையும் சேர்ந்த ஆட்டம்தான். பரந்த புல்வெளியில் 18 குழிகள். சிறு பந்தை நீண்ட கோலால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழச் செய்யவேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர். வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரியின் மலையில் பிறந்தவர்களுக்குக் குறி தப்பாமல் அடிப்பதன் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இது பணக்காரர் ஆட்டம். புல்வெளிக்குப் பல ஏக்கர் நிலம் வேண்டும். கோல்கள் வாங்கப் பணம் வேண்டும். ஏழைப் பையன் அங்கே நுழைய ஒரே வழி, ஆடுபவரின் கோல் மூட்டையைத் தோளில் சுமந்து பின்னால் நடப்பதுதான்.

டர்பன் பையன்

1860-ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டுரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்ய 300-க்கும் அதிகமானோர் அதில் சென்றார்கள். நவம்பர் 16-ந் தேதி தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் இறங்கினார்கள். அதன்பின் கப்பல் கப்பலாகத் தமிழரும் தெலுங்கரும் வடநாட்டாரும் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிக் குடியேறிய இந்திய வம்சத்தில் வந்தவரே பாப்வா. அவர் பிறந்தது 1930-ம் ஆண்டை ஒட்டி.

குடும்பத்தில் வறுமை. பள்ளிக்கூடம் எட்டாக் கனி. சிறு வயதிலேயே மூட்டை சுமக்கப் போனார். சுமந்தபடியே வெள்ளைக்காரர் ஆடுவதைக் கூர்ந்து கவனித்தார். மரக்கிளையை வெட்டிக் கோலாக்கிக்கொண்டு தாமே அடித்துப் பழகினார். சொல்லிக் கொடுக்க ஆசான் இல்லை. அதனால் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது! வலது கைக்காரர்கள் கோலைப் பிடிக்கும்போது இடது கை மேலே இருக்கும்; வலது கை கீழே இருக்கும். பாப்வாவோ தலைகீழாகப் பிடித்தார். வலது கை மேலே, இடது கை கீழே! பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்த்தபின் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடல் கடந்த வெற்றி

கிரகாம் வுல்ப் என்பவர் ஒரு ரசாயன நிபுணர். பெண்கள் முகத்தில் தடவும் 'ஆயில் ஆப் ஓலே' என்ற தைலத்தைக் கண்டுபிடித்தவர். பாப்வாவின் திறமை இந்த வெள்ளைக்காரரின் கண்ணில் பட்டது. 1959-ம் ஆண்டு அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த ஆண்டே ஹாலந்து நாட்டின் திறந்த கோல்ப் போட்டியில் பாப்வா முதல் இடம் பெற்றார். ஏதோ அதிர்ஷ்டம் என்று சிலர் நினைத்திருக்கலாம். 1960-ல் மறுபடியும் வென்றார். 1964-ல் மூன்றாம் முறையும் வென்றார்! அதற்குப் பிறகு அதிர்ஷ்டம் என்று யார் சொல்வது?

வெளிநாட்டில் மாலை மரியாதை. சொந்த ஊரிலோ வெள்ளைக்காரருடன் ஆட அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலம் அது. பஸ்ஸிலும் கடற்கரையிலும் வெள்ளையருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறு இடம்.

கொட்டும் மழையில்

1963-ம் ஆண்டு. டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் திறந்த போட்டி. பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தது. ஆடினார். வென்றார்.

பரிசளிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைக்கார வீரர்கள் கிளப் கட்டிடத்துக்குள் சென்று அமர்ந்தார்கள். பாப்வா உள்ளே வரக் கூடாது. அவர் வெள்ளையர் அல்லர்! தோற்றவர்கள் கூரையின் கீழ் நனையாமல் இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார்.

அந்தக் காட்சியின் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பல நாட்டாரும் கொதித்தார்கள். தென் ஆப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து விலக்கவேண்டும் என்ற குரல் வலுத்துவந்த காலம் அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இடம் மறுக்கப்பட்டது.

1965-ல் மீண்டும் நேட்டால் போட்டி. இந்தத் தடவை எதிரே நின்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். உலகமே கொண்டாடிய தென் ஆப்பிரிக்க வெள்ளை வீரர். அவரையும் மிஞ்சிப் பாப்வா கோப்பையைத் தட்டிச் சென்றார்.

இதை ஆட்சியாளர்களால் பொறுக்க முடியவில்லை. மறு ஆண்டே வெள்ளையருடன் ஆடக்கூடாது என்று தடை விதித்தார்கள். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளூரிலும் ஆடமுடியாது, வெளியூருக்கும் போகமுடியாது. கை நல்ல தெம்போடு இருந்த வயதில் ஒரு வீரரைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்! வருமானம் நின்றது, வறுமை திரும்பி வந்தது. 1978-ம் ஆண்டு ஜூலை மாதம் மாரடைப்பால் மாண்டார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

கையெழுத்துக்கு மவுசு

கோல்ப் ஆட்டத்தில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்பதைச் சீட்டில் குறித்து, ஆடியவர் அதில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் ஆட்டமே செல்லாது. தவறான கணக்கில் போட்டாலும் ஆபத்து. 1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்சோ 65 அடியில் முடித்தார். சீட்டில் 66 என்று இருந்தது. கவனிக்காமல் கையெழுத்திட்டார். 66 என்றே முடிவாயிற்று. சமநிலையில் நின்று பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு பறிபோயிற்று! படித்தவருக்கே இந்தக் கதி என்றால், எழுத்து வாசம் இல்லாத பாப்வா ஒவ்வொரு சீட்டையும் எத்தனை கவலையோடு கையில் வாங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

வீரர்களின் கையெழுத்தைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அடிக்கணக்குச் சீட்டு, போட்டி நிகழ்ச்சிப் புத்தகம், புகைப்படம் என்று எதில் இருந்தாலும் விடமாட்டார்கள். கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியவர்களின் கையெழுத்து எளிதில் கிடைக்கும். கடிதமே எழுதாதவரின் கையெழுத்துக்குத்தான் தட்டுப்பாடு. பாப்வா இரண்டாவது ரகம். பெரிய போட்டிகளில் அவரை ஆடவிட்டதும் சில ஆண்டுகளே.

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் போலியும் நுழையும். அச்சடித்த கையெழுத்தைப் பேனாவால் போட்டது என்று விற்பவர் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சில் சிறு சிறு புள்ளிகள் தெரியும். பேனா மை காகிதத்தில் இறங்கியிருக்கும். அழுத்திய இடம் தடித்தும் தூக்கிய இடம் மெலிந்தும் இருக்கும். இருந்தாலும் அனுபவசாலிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது யார் வீட்டிலிருந்து வந்தது?

டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்குப் பாப்வாவின் பெயரையே பிற்காலத்தில் சூட்டினார்கள். உங்கள் உறவினர் யாரேனும் தென் ஆப்பிரிக்காவில் இருந்தால், அடுத்த முறை பேசும்போது பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டனார் மைதானத்து ஓரம் நின்று வாங்கிய சீட்டு ஒன்று அதில் கிடக்கலாம். கிடைத்தால் பசை தடவி ஒட்டவேண்டாம். கண்ணாடிச் சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம், மை வெளுத்துவிடும். நல்ல காகித உறையில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.