கப்பல் எரிஞ்சாலும் அடுத்த டிரிப் உண்டு: வாலஸ் கதை

14 வயசில் ஸ்கூல் முடிந்தது. டிகிரி கிடையாது. வீட்டில் காசும் கிடையாது. அண்ணன்கூடப் போய்ச் செய்த வேலை நில அளவை, அதாவது நம்ம சிவில் நண்பர்கள் வெயிலில் செயின் இழுத்துக்கிட்டு கேம்பஸைச் சுற்றுவாங்களே, அதே சர்வே. இப்படி ஒருத்தர் 25 வயசில், எந்த ஸ்பான்சரும் இல்லாமல், பறவையும் வண்டும் பிடிக்க அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்.

பேரு ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். 1823இல் வேல்ஸில் பிறந்தவர். டார்வின் யோசிச்ச அதே ஐடியாவைத் தனியா யோசிச்ச இன்னொரு ஆளு என்று எங்கேயாவது ஒரு வரி படிச்சிருப்பீங்க. அந்த வரியைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. நான் சொல்ல வந்தது அவர் சொந்தக் காசில், சொந்த ரிஸ்க்கில் போன பயணங்களைப் பற்றி. இன்றைக்கு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கிட்டு தனியா மழைக்காட்டுக்குப் போறவங்க படுற பாடு எல்லாத்தையும் அவர் 170 வருஷம் முன்னாடியே பட்டு முடிச்சிட்டார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடணும். அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் சுடுவதுதான். காட்டுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி கேமரா கிடையாது. தூரத்தில் கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது, செவப்பா இருந்தது என்று சொன்னால் லண்டனில் யாரும் நம்ப மாட்டாங்க. சுட்டு, தோலை உரித்து, ஆர்செனிக் தடவி, பஞ்சு அடைத்து, பாடம் செய்து அனுப்பணும். படிக்கும்போது எனக்கு உறுத்துது, உங்களுக்கும் உறுத்தும். வாலஸுக்கே சில நேரம் உறுத்தியிருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்போ பட்ஜெட். லெஸ்டர் ஊரில் கொஞ்ச நாள் வாத்தியாராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியம் அவருக்கு நண்பராகக் கிடைத்தார். ரெண்டு பேரும் 1848இல் லிவர்பூலில் கப்பல் ஏறி பிரேசிலின் பாரா துறைமுகத்தில் இறங்கினாங்க. லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்று ஒரு ஏஜெண்ட். இவங்க அனுப்பும் வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவைத் தோல் எல்லாத்தையும் மியூசியங்களுக்கும் பணக்கார சேகரிப்பாளர்களுக்கும் அவர் விற்பார், கமிஷன் போக மீதி காசு வரும். அந்தக் காசில் அடுத்த பயணம். ஸ்காலர்ஷிப் இல்லை, மாசச் சம்பளம் இல்லை. பிடிச்சா சோறு.

இந்த பிசினஸ் மாடலைக் கவனிச்சு வைச்சுக்கோங்க. விற்கணும் என்றால் ஒரு இனத்தில் ஒன்று பிடிச்சால் பத்தாது, பத்து இருபது வேணும். அப்படி ஒரே இனத்தைப் பத்து இருபது வரிசையா மேசையில் பரப்பினால்தான் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை என்பது கண்ணில் படும். பணக்கார ஆராய்ச்சியாளருக்கு ஒரு ஜோடி போதும், அவர் பெட்டியை மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். வாலஸின் வறுமை அவரை நிறைய பார்க்க வைத்தது. இது என் கருத்து மட்டும் இல்லை, அவரைப் பற்றி எழுதினவங்க பலரும் இதைச் சொல்றாங்க.

அமேசானில் நாலு வருஷம். ரியோ நீக்ரோ ஆற்றில் யாரும் சரியா வரைபடம் போடாத பகுதிவரை போய், பழைய சர்வேயர் கைதானே, தானே மேப் வரைந்தார். அந்தப் பக்கத்துப் பழங்குடி வேட்டைக்காரர்களுடன் மலைக்காட்டுக்கு நடந்து போய், இருட்டுக்குள் நெருப்பு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பாறைச் சேவல் பறவையைப் பார்த்தார். காய்ச்சல் பல தடவை வந்து படுக்கப் போட்டது.

தம்பி ஹெர்பெர்ட் 1849இல் வந்து சேர்ந்துக்கிட்டார். அவருக்கு இந்த வாழ்க்கை ஒத்துவரலை. ஊருக்கே திரும்பலாம் என்று பாராவுக்கு வந்து கப்பலுக்குக் காத்திருந்தபோது மஞ்சள் காய்ச்சல். 1851இல் இறந்துபோனார். வயசு 22, நம்ம செட் வயசு. அண்ணன் அப்போ ஆற்றின் மேல்பக்கம் எங்கேயோ. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் தகவல் வந்து, என்ன ஆச்சு என்றே தெரியாமல் மாசக்கணக்கில் இருந்தார்.

1852 ஜூலையில் ஊர் திரும்ப ஹெலன் என்ற கப்பலில் ஏறினார். முந்தைய வருஷங்களில் அனுப்பச் சொன்ன பெட்டிகள் மனாஸில் சுங்கப் பிரச்சினையில் தேங்கிக் கிடந்ததால், அதுவும் இப்போ கூடவே ஏறியது. உயிரோடு கிளிகளும் குரங்குகளும் வேறு. ஆகஸ்ட் 6, நடுக்கடலில் கப்பலில் தீ. கேபினில் புகை நெஞ்சை அடைக்குது. கைக்குக் கிடைத்த ஒரு தகரப் பெட்டியில் மீன், பனை மரங்களின் படங்களும் சில குறிப்புகளும் இருந்தது. அதை எடுத்துக்கிட்டு கயிற்றில் சறுக்கிப் படகில் இறங்கினார், உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கிளிகளும் குரங்குகளும் எரியாத முன்பக்கத்தில் போய் ஒண்டிக்கிட்டதே தவிர, படகுக்கு வரலை. கயிறு எரிந்து தண்ணீரில் விழுந்த ஒரே ஒரு கிளியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முதல் நாள் ஹார்ட் டிஸ்க் போறதை நினைச்சுப் பாருங்க. பேக்அப் இல்லை. அதை நாலு வருஷத்தால் பெருக்கிக்கோங்க.

பத்து நாள் திறந்த படகில், வெயிலில். அப்புறம் கியூபாவிலிருந்து வந்த ஜோர்டெசன் என்ற பழைய கப்பல் ஏற்றிக்கிட்டது. அதிலும் சாப்பாடு குறைந்து, புயல் அடித்து, ஒருவழியா அக்டோபர் 1 இங்கிலாந்தில் கால் வைத்தார். நல்ல வேளை, ஸ்டீவன்ஸ் சரக்கை 200 பவுண்டுக்கு இன்சூர் பண்ணி வைத்திருந்தார். ஆனா தொலைந்ததில் பெரிய பங்கு விலை போட முடியாதது, அவர் தனக்கென்று வைத்திருந்த சேகரிப்பு.

இனிமேல் கடல் பக்கமே போறதில்லை என்று சபதம் போட்டவர், கரைக்கு வந்த நாலே நாளில் அடுத்து எங்கே போகலாம் என்று யோசிக்க ஆரம்பிச்சிட்டார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். இந்த ரெண்டாவது பயணம் எட்டு வருஷம். சுமார் 14,000 மைல், இன்றைய மலேசியா, இந்தோனேசியாவின் தீவுகள் முழுக்க.

சரவாக்கில் அலி என்று ஒரு மலாய்ப் பையனை 1855இல் சமையலுக்குச் சேர்த்தார். அவர் சீக்கிரமே சுடவும் தோல் உரிக்கவும் கற்றுக்கிட்டு பயணத்தின் முக்கியமான ஆளாகிட்டார். வாலஸ் சேகரித்தது என்று சொல்லப்படும் 8,050 பறவைகளில் பெரும்பகுதி அலி கையால் வந்தது. இந்தப் பேரையும் ஞாபகம் வைச்சுக்கோங்க.

1856இல் பாலியிலிருந்து பக்கத்துத் தீவான லொம்போக்குக்குப் போனார். நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ஆனா பாலியில் இருந்த குக்குறுவான்கள் லொம்போக்கில் இல்லை. அங்கே ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கத்துது. ரெண்டு தீவிலும் ஒரே வெயில், ஒரே மழை. அப்புறம் ஏன்? ரெண்டுக்கும் நடுவில் உள்ள கடல் ரொம்ப ஆழம், கடல்மட்டம் இறங்கிய காலத்திலும் அங்கே தரைவழி கிடையாது. இன்றைக்கு அதற்கு வாலஸ் கோடு என்று பேரு. எந்தப் பறவை எந்தத் தீவில் என்று ஒவ்வொன்றிலும் லேபிள் கட்டி வைத்ததால்தான் அந்தக் கோட்டை அவரால் போட முடிந்தது.

அவருடைய நிஜமான கனவு சொர்க்கப் பறவைகள். வியாபாரிகள் காலை வெட்டிட்டுத் தோலை மட்டும் அனுப்பினதால், இதுக்குக் காலே இல்லை, வானத்திலேயே வாழுது என்று ஐரோப்பாவில் ரொம்பக் காலம் கதை ஓடியது. அதைப் பார்க்க மகாஸரில் ஒரு புகிஸ் பாய்மரக் கப்பலில் ஏறி, 1857 ஜனவரியில் ஆரு தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். போனதும் கடற்கொள்ளையர் பயம், படகோட்ட ஆள் வர மாட்டேங்குறாங்க. மழை வேறு. கடைசியில் காட்டுக்குள் போய் ராஜ சொர்க்கப் பறவையைக் கையில் வாங்கினார். குங்குமச் செவப்பு, வாலில் ரெண்டு கம்பி, முனையில் பச்சை வட்டம். அதைப் பிடிச்சுக்கிட்டு அவர் யோசிச்சது என்ன தெரியுமா? எங்களை மாதிரி நாகரிக மனிதர்கள் இங்கே வந்தால், இந்த அழகை ரசிக்கத் தெரிந்த நாங்களே இதை அழிச்சிடுவோம் என்று. கையில் செத்த பறவையோடு இதை யோசிச்சிருக்கார். அவரை நல்லவர் கெட்டவர் என்று ஒரே பெட்டியில் போட என்னால் முடியலை.

கனவு நிறைவேறின கையோடு பூச்சிக்கடி புண்ணாகி, கால் வீங்கி, வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வெளியே பறவை கத்துது, இவரால் எழுந்து போக முடியலை.

1858 பிப்ரவரியில், டெர்னாடே தீவை மையமா வைத்துச் சுற்றிக்கிட்டிருந்தபோது, மலேரியா நடுக்கத்தில்தான் இயற்கைத் தேர்வு ஐடியா வந்தது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். ஜூலை 1 அன்று லண்டனில் ரெண்டு பேர் கட்டுரையும் ஒன்றா வாசிக்கப்பட்டது. அந்த நாளில் வாலஸ் எங்கே? நியூ கினியில், டோரே என்ற இடத்தில். சொர்க்கப் பறவை நிறைய கிடைக்கும் என்று நம்பிப் போன இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கணுக்காலில் அடிபட்டுப் புண், எல்லாருக்கும் காய்ச்சல், எறும்புகள் பறவைத் தோலை அரிச்சுக்கிட்டே இருக்கு. அவருடைய வேலைக்காரர்களில் ஜுமாத் என்ற இளைஞர் வயிற்றுப்போக்கில் அங்கேயே இறந்துபோனார். லண்டன் மேட்டர் எதுவும் அப்போ அவருக்குத் தெரியாது.

அதே வருஷம் அக்டோபரில் பாச்சான் தீவு. ஒரு நாள் அலி இடுப்பில் பறவைகளைக் கட்டிக்கிட்டு வர்றார். அதில் ஒன்று யாருமே விவரித்திராத சொர்க்கப் பறவை, ரெண்டு தோளிலிருந்தும் நீண்ட வெள்ளை இறகுகள். அறிவியல் பேரு செமியோப்டெரா வாலசி. சுட்டது அலி, பேரு வாலஸுக்கு.

1860 பயணம் தனி ரகம். காசு மிச்சம் பண்ண, சொந்தமா ஒரு படகு வாங்கி அவரே கேப்டன் ஆனார். முதல் செட் ஆட்கள் ஓடிப்போனாங்க. ரெண்டு பேர் ஆளில்லாத் தீவில் ஒரு மாசம் மாட்டிக்கிட்டாங்க. பவளப் பாறையில் பத்துத் தடவை தட்டியது. நாலு நங்கூரம் போச்சு, பாயை எலி தின்னது. 12 நாளில் முடியவேண்டிய திரும்பு பயணம் 38 நாள் இழுத்தது. எழுபது சொச்சம் நாள் கடலில், ஒரு நாள்கூட அனுகூலமான காற்று அடிக்கலை.

அந்தப் பயணத்தில் வைகியோ பக்கம் செவப்பு சொர்க்கப் பறவைக்காக ஊர்க்காரர்களுக்குக் கோடாலியும் துணியும் முன்பணமா கொடுத்திருந்தார். பறவை கிடைக்காத ஒருத்தர் வாங்கிய கோடாலியைத் திருப்பிக் கொடுத்தார். ஆறு பறவைக்கு ஒத்துக்கிட்ட இன்னொருத்தர் அஞ்சு கொடுத்துட்டு ஆறாவதுக்குக் காட்டுக்குப் போனவர் திரும்பலை. படகு கிளம்புற நேரம், பறவையைத் தூக்கிப் பிடிச்சபடி ஓடி வந்து கொடுத்து, இப்போ கணக்குத் தீர்ந்தது என்று சொல்லிட்டுப் போனார். முன்பணம் கொடுத்த வாலஸ் அவரைப் பிடிக்கவே வழியில்லை, அவருக்கும் அது தெரியும்.

1862இல் சிங்கப்பூரில் அலியைப் பிரிந்தார். துப்பாக்கிகளும் பண்டங்களும் கொடுத்து அனுப்பினார். கூடவே சிங்கப்பூரில் 100 பவுண்டுக்கு ரெண்டு உயிருள்ள சொர்க்கப் பறவைகளை வாங்கி லண்டன் கிளம்பினார். அதுகளுக்குக் கரப்பான் பூச்சி வேணும், நீராவிக் கப்பலோ ரொம்ப சுத்தம். ராத்திரி ஒரு மணி நேரம் கப்பல் முன்பக்கம் போய்க் கரப்பான் வேட்டை. மால்டாவில் ஒரு பேக்கரியில் நிறைய பிடிச்சு, பிஸ்கட் டின் நிறைய அடைச்சு எடுத்துட்டுப் போனார். எட்டு வருஷத்து ஹீரோ, கடைசியில் கரப்பான் சப்ளையர். ரெண்டு பறவையும் உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் மலாய்த் தீவுக்கூட்டம் என்ற புத்தகம் 1869இல் வந்தது, டார்வினுக்குச் சமர்ப்பணம். சேர்த்த காசைத் தவறான முதலீடுகளில் விட்டார். பூமி தட்டை என்று சொன்ன ஒருத்தரிடம் 1870இல் 500 பவுண்டு பந்தயம் கட்டி, பழைய சர்வே அறிவை வைத்து ஒரு கால்வாயில் அளந்து காட்டினார். ஜெயிச்சும் அந்த ஆளோடு வருஷக்கணக்கில் கோர்ட்டும் வழக்கும்தான் மிச்சம். கடைசிவரை நிரந்தர வேலை கிடைக்கலை. 1881இல் டார்வின் முயற்சி எடுத்து அரசிடமிருந்து வருஷம் 200 பவுண்டு பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். 1913இல், 90 வயசில் வாலஸ் இறந்தார்.

அவருடைய பறவைகள் பல இங்கிலாந்தில் டிரிங் மியூசியத்தில் இருக்கு. 2009இல் ஒரு இசை மாணவர் ராத்திரி ஜன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார், வாலஸ் கொண்டுவந்த சொர்க்கப் பறவைகள் உட்பட. மீன்தூண்டிலில் கட்டும் அலங்கார இறகுப் பூச்சிகள் செய்ய, அந்த இறகுக்கு அவ்வளவு விலை. ஆளைப் பிடிச்சாங்க, நிறைய திரும்பவும் கிடைத்தது. ஆனா திரும்பி வந்ததில் பலதின் காலில் லேபிள் இல்லை.