நட்சத்திரத்தைப் பெயரில் சுமந்த மாலுமி

வரலாற்றுப் பாடத்தில் 'செஜாரா மெலாயு' என்ற பெயரைக் கேள்விப்படாத மாணவர் நம் நாட்டில் இருக்க முடியாது. 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்பது அதன் மற்றொரு பெயர். அரசர்களின் வம்சாவளி என்று அதற்குப் பொருள். அந்நூலின் கையெழுத்துப் பிரதிகளுள் ஒன்று இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. 1798-இல் மலாக்காவில் அதைப் படியெடுக்கச் செய்து கொண்டு சென்றவர், முப்பது வயதைக்கூட எட்டாத ஒரு கடற்படை அதிகாரி. பெயர் ஆதாம் யோகான் ஃபான் குருசென்ஸ்டெர்ன். ரஷ்யர்கள் அவரை இவான் குருசென்ஷ்தெர்ன் என்பார்கள்.

மலாய் அரசர்களின் வம்சாவளியைத் தேடிய அவருக்கும் ஒரு வம்சாவளி உண்டு.

அவருடைய மூதாதையர் பிலிப் குரூசியஸ், ஜெர்மனியின் ஐஸ்லேபன் ஊரில் பிறந்தவர். சட்டம் படித்தவர். பட்டு வணிகத்துக்காக ஹோல்ஸ்டைன் கோமகன் 1630-களில் மாஸ்கோ வழியாகப் பாரசீகத்துக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதன் தலைவர்களில் ஒருவர் குரூசியஸ். பின்னர் அவர் ஸ்வீடன் அரசின் சேவையில் சேர்ந்தார். 1649-இல் அரசி கிறிஸ்டினா அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். சாதாரண 'குரூசியஸ்' அன்று 'குருசென்ஸ்டெர்ன்' ஆனது. பெயரின் பிற்பகுதியான 'ஸ்டெர்ன்' ஜெர்மன் மொழியில் நட்சத்திரத்தைக் குறிக்கும்.

பிரபுப் பட்டம் என்றால் பெயர் மாற்றம் மட்டுமல்ல. கேடய வடிவில் ஒரு குலச்சின்னமும் கிடைக்கும். அதை முத்திரையில் பொறிக்கலாம், மாளிகை வாசலில் செதுக்கலாம், கல்லறை மேல் வைக்கலாம். தாலின் நகரப் பேராலயத்துக்குள் சென்றால் சுவரெங்கும் மரத்தில் செதுக்கிய இத்தகைய சின்னங்களைக் காணலாம். எல்லாம் எஸ்தோனியாவை ஆண்ட ஜெர்மானியப் பிரபுக் குடும்பங்களுடையவை. நிலம் அவர்களுடையது. உழுதவர்களோ எஸ்தோனியப் பண்ணையடிமைகள். 1816 வரை அந்த அடிமை முறை நீடித்தது. அந்த அழகான கேடயங்களுக்குப் பின்னால் சின்னமே இல்லாத பல்லாயிரம் பேரின் உழைப்பு இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

மகா பீட்டரின் காலத்தில் எஸ்தோனியா ஸ்வீடனின் கையிலிருந்து ரஷ்யாவின் கைக்கு மாறியது. நிலத்தையும் சலுகைகளையும் பிரபுக்களிடமே விட்டுவைத்தார் பீட்டர். அப்படித்தான் குருசென்ஸ்டெர்ன் குடும்பம் ரஷ்யப் பேரரசின் பிரபுக் குடும்பமானது. 1770-இல் ஹாகுடி என்ற ஊரில் ஆதாம் யோகான் பிறந்தார். கடற்படைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. 1788-இல் படிப்பு முடியும் முன்பே அவரைக் கப்பலில் ஏற்றினார்கள். எதிரி யார் தெரியுமா? ஸ்வீடன்! ஸ்வீடன் அரசி தந்த பெயரைச் சுமந்துகொண்டு அவர் ஸ்வீடனுக்கு எதிராகப் போரிட்டார்.

1793-இல் பயிற்சிக்காக அவர் பிரிட்டிஷ் கடற்படைக்கு அனுப்பப்பட்டார். வட அமெரிக்கா, கல்கத்தா, மலாக்கா, காண்டன் என்று பயணம் நீண்டது. காண்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் விலங்கு ரோமத் தோல்களை நேரடியாகக் கப்பலில் கொண்டுவந்து விற்பதைக் கண்டார். ரஷ்யர்களோ அதே சரக்கைச் சைபீரியாவைக் கடந்து தரைவழியே சீன எல்லைக்கு இழுத்துக்கொண்டிருந்தனர். நாமும் ஏன் கடல்வழியே செல்லக்கூடாது என்று அவர் ஒரு திட்டம் எழுதி அனுப்பினார். முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1802-இல் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் ஒப்புதல் தந்தபோது குருசென்ஸ்டெர்னுக்குத் திருமணமாகி அதிக நாளாகவில்லை. தயக்கம் இருந்தது. ஆனாலும் தாம் எழுதிய திட்டத்தைத் தாமே நிறைவேற்றப் புறப்பட்டார்.

1803 ஆகஸ்டில் 'நாதெஷ்தா', 'நேவா' என்ற இரு கப்பல்கள் குரோன்ஸ்டாட்டிலிருந்து கிளம்பின. அனுபவமுள்ள வெளிநாட்டு மாலுமிகளைச் சேர்க்கும்படி பலர் கூறியும், ரஷ்ய மாலுமிகளே போதும் என்று அவர் உறுதியாக நின்றார். பயணம் சுலபமாக இல்லை. கப்பலில் வந்த தூதர் ரெசானோவ், தலைமை தமக்கே உரியது என்று வாதிட்டார். 1804-இல் நூக்குஹிவா தீவில் இருவரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டனர். கம்சாத்காவில்தான் சமரசம் ஏற்பட்டது. பின்னர் நாகசாகியில் ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருந்தும் ஜப்பான் வணிக உறவை மறுத்துவிட்டது. ஆனால் வழியெல்லாம் கடலை அளந்தார்கள், கரைகளை வரைந்தார்கள். 1806 ஆகஸ்டில் ஊர் திரும்பியபோது, உலகைச் சுற்றிவந்த முதல் ரஷ்யப் பயணம் நிறைவேறியிருந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அந்தக் கப்பலில் இளம் அதிகாரியாக இருந்த பெல்லிங்ஸ்ஹவுசன், 1820-இல் அண்டார்டிகாவின் பனிக்கரையைக் கண்டார். பதினைந்து வயதில் அதே கப்பலில் ஏறிய கொட்சபூ, பின்னர் 'ரூரிக்' கப்பலுக்குத் தலைமையேற்று உலகைச் சுற்றினார். குருசென்ஸ்டெர்ன் தென்கடல்களின் வரைபடத் தொகுப்பை வெளியிட்டார். 1827 முதல் 1842 வரை, தாம் படித்த கடற்படைப் பள்ளிக்கே இயக்குநராக இருந்தார். 1846-இல் மறைந்தார். தாலின் பேராலயத்தில், அந்தக் குலச்சின்னங்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய சின்னத்தில் நம்பிக்கையைத் துணையாகக் கொள்வதைக் குறிக்கும் லத்தீன் வாசகம் ஒன்று உண்டு. 'நாதெஷ்தா' என்ற கப்பல் பெயருக்கும் ரஷ்ய மொழியில் நம்பிக்கை என்றே பொருள்.

1926-இல் ஜெர்மனியில் 'பாதுவா' என்ற நான்கு பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது சோவியத் நாட்டின் கைக்கு வந்தபோது 'குருசென்ஷ்தெர்ன்' என்று பெயரிட்டார்கள். ஜெர்மனியில் பிறந்து, ரஷ்யாவுக்கு வந்து, பெயர் மாறிய கப்பல். அந்தக் குடும்பத்தின் கதையும் இதுதானே? பயிற்சிக் கப்பலான அதில் இளம் மாலுமிகள் தொழில் கற்றார்கள்.

முன்னோர் நமக்குத் தருவது பெயரும் சின்னமும்தான். குருசென்ஸ்டெர்ன் என்ற பெயர் ஒரு சுவரில் தொங்கும் கேடயத்தோடு முடிந்திருக்கலாம். அவர் கற்றதும் கற்பித்ததுமே அதைக் கடலில் மிதக்க வைத்தன. நம் பெயரோடு நாம் எதைச் சேர்க்கப்போகிறோம், நண்பர்களே?