சாமுவேல் கோல்ட்: ஒரே அச்சில் செய்த துப்பாக்கி, ஒன்றுக்கு 44 கோடி, இன்னொன்றுக்கு சில லட்சம்... ஏன்?

2021 ஆகஸ்ட் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய ரிவால்வர் ஏலத்துக்கு வந்தது. தங்க வேலைப்பாடு எதுவும் கிடையாது. பார்த்தால் திரும்பிக்கூட பார்க்க மாட்டீங்க. போன விலை 60 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 44 கோடி ரூபாய்.

இதே மாடலை அதே கம்பெனி 1940 வரைக்கும் மூன்றரை லட்சத்துக்கு மேல் தயாரித்திருக்கிறது. அவற்றில் ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை அமெரிக்காவில் நம்ம ஊர்ப் பணம் சில லட்சத்துக்கு வாங்கிவிடலாம். அப்புறம் எதுக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு?

பதில் வேணும்னா அந்தக் கம்பெனியை ஆரம்பித்த சாமுவேல் கோல்ட்டின் வாழ்க்கையைப் பார்க்கணும். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கிறது.

கல்கத்தா கப்பலில் ஒரு பையன்

கோல்ட் பிறந்தது 1814-ல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில். 16 வயதில் கோர்வோ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வரைக்கும் வந்தார். சுழலும் சிலிண்டர் கொண்ட துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கியது இந்தப் பயணத்தில்தான். கப்பலின் சக்கரத்தைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை. கல்கத்தாவில் கோலியர் என்பவரின் பழைய சுழல் துப்பாக்கியைப் பார்த்திருப்பார் என்று இன்னொரு கதை. இரண்டுக்குமே உறுதியான ஆதாரம் இல்லை.

ஊருக்குத் திரும்பியவருக்குக் கையில் காசில்லை. தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சிரிப்பூட்டும் வாயுவை மக்களுக்கு முகரக் கொடுத்து டிக்கெட் வசூலித்தார். நம்ம பாஷையில் சொன்னால், அதுதான் அவருடைய ஸ்டார்ட்அப் ஃபண்டிங். 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் தொழிற்சாலை வைத்தார். ஐந்து குண்டு, மடங்கி உள்ளே போய்விடும் ட்ரிகர். அழகான பொருள்தான், ஆனால் விலை அதிகம். ராணுவமும் பெரிதாக ஆர்டர் தரவில்லை. 1842-ல் கடையைக் கட்டினார்கள்.

இங்கே கவனிங்க. பேட்டர்சனில் செய்த கைத்துப்பாக்கிகள் மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு. விற்காமல் போன அந்தச் சரக்கில் ஒன்று, அசல் பெட்டியோடும் துணைக் கருவிகளோடும் 2011-ல் 9,77,500 டாலருக்கு ஏலம் போனது. கோல்ட்டைத் திவாலாக்கிய தோல்விதான் இன்றைக்கு அதை அரிதாக்கியிருக்கிறது.

வெடித்துச் சிதறிய அதிசயம்

அவரை மீட்டது மெக்சிகோ போர். பேட்டர்சன் ரிவால்வரை டெக்சஸில் பயன்படுத்திப் பழகியிருந்த சாமுவேல் வாக்கர் என்ற கேப்டன், இன்னும் பெரிதாக, ஆறு குண்டோடு வேணும் என்று கேட்டார். 1847 ஜனவரியில் அரசு ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலையே இல்லை. காட்டுவதற்குத் தன் பழைய துப்பாக்கி ஒன்றுகூட மிச்சமில்லை என்று சொல்வார்கள். எலி விட்னி ஜூனியரின் ஆலையில் வைத்துச் செய்து கொடுத்தார்.

கோல்ட் வாக்கர் என்ற அந்தத் துப்பாக்கி இரண்டு கிலோவுக்கு மேல் எடை. இடுப்பில் கட்டினால் ஆளையே சாய்த்துவிடும். குதிரைச் சேணத்தில்தான் மாட்டுவார்கள். சிலிண்டரில் நிரப்பும் மருந்து ரொம்ப அதிகம், அன்றைய உலோகம் அதைத் தாங்கவில்லை. பல துப்பாக்கிகள் வெடித்துப் பிளந்தன. கேட்டு வாங்கிய வாக்கரே, கோல்ட் அனுப்பிய ஜோடி கையில் கிடைத்த சில நாட்களில், 1847 அக்டோபரில் போரில் இறந்துபோனார்.

ராணுவத்துக்கு ஆயிரம், வெளியே விற்க நூறு. மொத்தம் 1,100. அதில் வெடித்தது, போரில் தொலைந்தது எல்லாம் போக இன்றைக்கு இருப்பது கொஞ்சம்தான். பொதுமக்களுக்கு என்று செய்த அந்த நூற்றில் ஒன்றை ஒரு டேனிஷ் கப்பல் கேப்டன் வாங்கினார். அசல் பெட்டியோடு தப்பிய அது 2018-ல் 18.4 லட்சம் டாலருக்குப் போனது. அதே பெட்டி, அதே கருவிகள், யார் யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் ஒரே விலை இல்லை

அதற்குப் பிறகு கோல்ட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை. 1851 லண்டன் பொருட்காட்சியில் கடை விரித்தார், அங்கேயே தொழிற்சாலையும் வைத்தார். 1855-ல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய ஆலை எழுந்தது. மெஷின்தான் பாகங்களைச் செய்யணும், எல்லாம் ஒன்றுபோல இருக்கணும் என்பது அவர் கனவு. நிஜத்தில் கடைசியாகக் கையால் ராவிப் பொருத்த வேண்டியிருந்தது. அதனால் ஒரு துப்பாக்கியின் பாகங்கள் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள்.

இன்றைக்கு வாங்குபவர் பூதக்கண்ணாடியோடு முதலில் தேடுவது அந்த எண்களைத்தான். குழலில் ஒரு எண், சிலிண்டரில் வேறு எண் என்றால் விலை சரியும். 1851 நேவி மாடல் இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதில் வெறும் வயசுக்கு மதிப்பில்லை. சிலிண்டரைச் சுற்றி மெல்லியதாக ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். அது தேயாமல் இருக்கிறதா, முதல் நீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. பளபளக்கட்டுமே என்று யாராவது பாலிஷ் போட்டு மறுபடி பூச்சு ஏற்றியிருந்தால் போச்சு. துருவைவிட மோசமான சேதம் அதுதான். போலிகளும் உண்டு. இத்தாலியில் செய்யும் நகல்களை வேண்டுமென்றே பழசாக்கி அசலென்று தலையில் கட்டுவார்கள்.

பெயருக்கு விலை உண்டு என்பது கோல்ட்டுக்கே நன்றாகத் தெரியும். துருக்கி சுல்தானுக்கும் ரஷ்ய ஜாருக்கும் தங்கம் பதித்த துப்பாக்கிகளைப் பரிசாகக் கொடுத்து ஆர்டர் பிடித்தவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளும் வரை வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்துக்கும் விற்றார். அந்தக் காலத்திலேயே இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. 1862 ஜனவரியில் 47 வயதில் இறந்தபோது அவர் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவர் சேர்த்து வைத்திருந்த துப்பாக்கிகள், மனைவி எலிசபெத் 1905-ல் இறந்ததும், ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகமான வாட்ஸ்வொர்த் எதீனியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சரி, அந்த 44 கோடி? 1881 ஜூலை இரவில் ஷெரிஃப் பேட் காரெட், பில்லி தி கிட் என்ற 21 வயது கொள்ளையனைச் சுட்ட துப்பாக்கி அது. கோல்ட் இறந்து பல வருஷம் கழித்து அவர் ஆலையில் செய்தது. இரும்புக்கோ வேலைப்பாட்டுக்கோ அந்த விலை இல்லை. ஒரு சாவுக்கும், அதை நிரூபிக்கும் காகிதங்களுக்கும்தான். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் ஒன்று இருந்தால்?

முதலில், உப்புத்தாளை எடுக்காதீங்க. அடுத்து, சட்டம். அமெரிக்காவில் 1899-க்கு முன் செய்த பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு மத்தியச் சட்டத்தின் கட்டுப்பாடு கிடையாது. இந்தியாவில் அப்படி இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருவது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டும். சுடும் நிலையில் இருந்தால் எத்தனை வயசானாலும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். வரலாற்று மதிப்புள்ள 100 வருஷப் பழசு என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் அமெரிக்க ஏல விலையைப் பார்த்து இங்கே கணக்குப் போடாதீங்க.