நாம் மறந்த இன்னொரு அஸீஸ்

அஸீஸ் என்றதும் நமது சமூகத்திற்கு நினைவில் வருபவர், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள்தான். அது நியாயமே. ஆனால் அதே காலத்தில் இன்னொரு அஸீஸும் இந்நாட்டில் வாழ்ந்தார். டயகம, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா பக்கத்து லயன்களில் பழைய தலைமுறைக்கு நன்கு தெரிந்த பெயர் அது. தொழிற்சங்கத் தலைவர் அப்துல் அஸீஸ்.

அவருடைய பணியை விளங்கிக்கொள்ள மலையகத்தின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். பிரித்தானியர் இலங்கையில் அடிமை முறையை 1844 இல் சட்டப்படி ஒழித்தனர். அதே காலத்தில்தான் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தொழிலாளியை யாரும் விலைக்கு வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, அந்தக் கடன் துண்டில் எழுதப்பட்டு, அதை அடைக்காமல் வேறு தோட்டத்திற்குப் போக முடியாத நிலை இருந்தது. வேலையை விட்டுப் போவதே குற்றமாகத் தண்டிக்கப்பட்டது. சங்கிலி இல்லை, கடன் இருந்தது.

அஸீஸ் இந்த லயன்களில் பிறந்தவரல்லர். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழ் அவரது வீட்டு மொழியன்று. கடையையும் கணக்கையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அதன் இணைச் செயலாளர்களில் ஒருவரானார் அஸீஸ். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானதும், மலைநாடெங்கும் தொழிற்சங்க அலை எழுந்தது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட நாட்களில், அந்த அலைக்குத் தலைமை கொடுத்தவர்களில் அஸீஸும் ஒருவர்.

1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. 1950 இல் மஸ்கெலியா இடைத்தேர்தலில் வென்று அஸீஸ் பாராளுமன்றம் சென்றார். ஆனால் 1952 தேர்தல் வந்தபோது, தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அதை எதிர்த்து அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகமும் பறிபோனதை மீட்டுத் தரவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் காங்கிரஸ் பிளவுபட்டது. தொண்டமான் ஒரு பக்கமும் அஸீஸ் ஒரு பக்கமுமாக நின்றனர். ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்தது. 1956 இல் ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகம தோட்டத்தில் தொழிற்சங்க உரிமைக்காக நடந்த போராட்டத்தின்போது பொலிஸார் சுட்டதில் ஏப்ரஹாம் சிங்கோ என்ற தொழிலாளி இறந்தார். பெரும்பாலும் தமிழர் உழைத்த தோட்டத்தில் உயிர் கொடுத்தவர் ஒரு சிங்களவர். அந்தத் தொழிலாளரின் தலைவர்களில் ஒருவர் குஜராத்தி முஸ்லிம். இன்றைய நமது அரசியலுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

இன்னொரு வரலாற்றையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். மேற்கு ஆபிரிக்காவின் ஃபூட்டா ஜலோன் நாட்டு இளவரசர் அப்துர் ரஹ்மான், 1788 இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமையாக விற்கப்பட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பருத்தித் தோட்டத்தில் உழைத்தார். 1826 இல் அவர் அரபியில் எழுதிய ஒரு கடிதம் மொரோக்கோ வரை சென்றது. அரசுகள் தமக்குள் பேசின. 1828 இல் அவர் விடுதலையானார். ஆனால் இலட்சக்கணக்கானோர் அதே அடிமைத் தளையில்தான் இருந்தனர். இராஜதந்திரம் தனக்கு வேண்டிய அளவுக்கே கதவைத் திறக்கும்.

இங்கும் கடிதங்கள்தான் விதியை எழுதின. 1964 ஒக்டோபர் 30 அன்று ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. மக்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அஸீஸைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1970 இல் அவர் நியமன உறுப்பினராக மீண்டும் பாராளுமன்றம் சென்றார். அந்த ஆட்சியில்தான் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவும் நேர்ந்தது. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஆளும் தரப்போடு நின்ற ஒரு தொழிலாளர் தலைவரால் எவ்வளவு செய்ய முடிந்தது என்ற கேள்வி அவரையும் சாரும்.

அவர் 1990 இல் காலமானார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. வாக்கு வந்தது, ஆனால் பல குடும்பங்களுக்குக் காணி உறுதி இன்னும் வரவில்லை.

மலையகத்து நகரங்களில் நமது கடைகள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. கொழுந்து பறிப்பவரின் பெயர் நமது கடன் கொப்பியில் இருக்கிறது. அவரது துயரம் நமது ஜும்ஆ உரைகளில், நமது தீர்மானங்களில் எவ்வளவு இருக்கிறது? வணிகக் குடும்பத்தில் பிறந்தும் கல்லாப்பெட்டிக்கு மறுபுறம் நின்றவர்களின் பக்கம் சேர்ந்தார் அப்துல் அஸீஸ். அவரை நினைவுகூர்வது என்றால், காணி உரிமைக்கும் நியாயமான சம்பளத்திற்கும் அம்மக்கள் குரல் எழுப்பும்போது நாமும் அவர்களோடு நிற்பதுதான்.