ரட்ஜ் பைக்கைப் பிரிச்சுப் போட்ட நாயுடு

பைக் ஷோவுக்குப் போய்ட்டு வந்த பசங்ககிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. ஒரு வாரத்துக்கு வேற பேச்சே இருக்காது. நம்ம காலேஜ்லயும் அதே கதைதான். ஆர்15 வெச்சிருக்கவன் ஒரு கட்சி, ஆர்சி 390 வெச்சிருக்கவன் எதிர்க்கட்சி, அப்பாச்சி ஆர்ஆர் 310 வெச்சிருக்கவன் ரெண்டு பேரையும் மதிக்கறதில்ல. சீட் உயரம், எக்ஸாஸ்ட் சத்தம், புது பெயின்ட், டிஸ்ப்ளே, ஆன்ரோடு விலை. அவ்வளவு குனிஞ்சு உட்கார்ந்து ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டினா மணிக்கட்டு என்ன ஆகும்னு ஒரு பெரிய விவாதம். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கோவளம் தாண்டி நிக்கற கூட்டத்துலயும் இதே பேச்சுதான் ஓடும்.

உள்ள என்ன இருக்குங்கற பேச்சு மட்டும் ரொம்ப அபூர்வமா வரும். மெக்கானிக்கல் பசங்க நடுவுலயே அப்படித்தான். ஒரு வண்டியைப் பார்த்து அதே மாதிரி சொக்கிப் போய், ஆனா வேற மாதிரி நடந்துக்கிட்ட ஒருத்தரோட கதை இது. கோபாலசாமி துரைசாமி நாயுடு, சுருக்கமா ஜி.டி. நாயுடு. 2025 அக்டோபர்ல கோவை அவிநாசி ரோட்டுல திறந்த 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு இவர் பேர்தான் வெச்சிருக்காங்க. ‘இந்தியாவின் எடிசன்’னு பொது அறிவுக் கேள்வியில மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்தப் பட்டத்தை விட்டுடுவோம், அதனால நமக்கு ஒண்ணும் புரியப் போறதில்ல.

1893 மார்ச் 23-ல கோவை பக்கம் கலங்கல் கிராமத்துல பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் பிடிக்கல. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசிட்டு ஓடினார்னு ஒரு கதை சொல்வாங்க. எப்படியோ, ஆரம்பப் பள்ளியோட படிப்பு முடிஞ்சுது. பிறகு கிடைச்ச புத்தகத்தைத் தானா படிச்சுக்கிட்டார். பட்டம், டிப்ளமோ எதுவும் வாழ்க்கையில கிடையாது.

அந்த ஊர்ப் பக்கம் ரெவின்யூ வேலையா வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்தார். மாடும் குதிரையும் இழுக்காம தானா ஓடற வண்டியைப் பையன் முதல் தடவையா பார்க்கிறார். அதுதான் அவருக்குக் கிடைச்ச பைக் ஷோ. ஒரே ஒரு வண்டி, ஸ்டால் கிடையாது, டிக்கெட் கிடையாது. அந்த வண்டி வேணும்னு முடிவு பண்ணார். கையில காசு இல்ல, வீட்டுல கேட்கவும் இல்ல. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டல்ல சர்வரா சேர்ந்தார். இலை எடுத்து, தண்ணி வெச்சு, வருஷக்கணக்கா சம்பளத்தைச் சேர்த்து, சில நூறு ரூபாய்க்கு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். நம்மள்ல பாதி பேர் வண்டி இஎம்ஐ-ல வந்தது, அந்த இஎம்ஐ-யை யார் கட்டறாங்கன்னு நான் கேட்கப் போறதில்ல.

வாங்கினவர் அதை ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சிருந்தா இந்தக் கட்டுரைக்கு வேலை இல்ல. வண்டியை முழுசாப் பிரிச்சுப் போட்டார். திரும்பப் பூட்டினார்.

இதை ஒரே வரியில தாண்டிப் போறாங்க, எல்லாப் புத்தகத்துலயும். நாம கொஞ்சம் நிப்போம், ஏன்னா அந்த வண்டி என்னன்னு தெரிஞ்சாதான் அது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். ரட்ஜ், இங்கிலாந்தோட கவன்ட்ரி ஊர்க் கம்பெனி. சைக்கிள் செஞ்சுக்கிட்டிருந்தவங்க 1910 வாக்குல மோட்டார் சைக்கிளுக்கு வந்தாங்க. 1914-ல ஐல் ஆஃப் மேன் டிடி-யோட சீனியர் ரேஸ்ல ஜெயிச்சது ரட்ஜ்தான். அதாவது அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் பைக் கம்பெனி. அப்போ வந்த அவங்க வண்டி 499 சிசி, ஒத்தை சிலிண்டர். ஏட்டுல போட்டிருந்த பவர் மூணரை குதிரைத்திறன். அந்தக் காலத்துல குதிரைத்திறனைக் கணக்குப் போட்ட விதமே வேற, அதனால 155 சிசி-ல 18 குதிரைத்திறனுக்கு மேல தர ஆர்15-ஓட நேரா ஒப்பிட்டுச் சிரிக்காதீங்க.

பேட்டரி கிடையாது. ஸ்பார்க்குக்கு மேக்னெட்டோ. இன்டேக் வால்வு மேல, எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டுல. நம்ம ஐசி என்ஜின் புத்தகத்துல எஃப்-ஹெட்னு ஒரு படம் வருமே, யாரும் படிக்காம விடற படம், அதேதான். நாம கியர் பாக்ஸ்னு சொல்ற பெட்டியே இல்ல. என்ஜின்லிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட். மழை பெய்ஞ்சா அது வழுக்கும். ஆயிலை ஓட்டறவர்தான் கைப் பம்பால அடிச்சு உள்ள அனுப்பணும். குறைச்சா பிஸ்டன் பிடிச்சுக்கும், கூட்டினா பிளக் கறுத்து வண்டி நின்னுடும். காத்துக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனி லீவர். இத்தனையையும் எந்தத் தமிழ்ப் புத்தகமும் இல்லாம, சொல்லித்தர ஆளும் இல்லாம, ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்ல வரணும்கற காலத்துல, சேர்த்த மொத்தக் காசையும் போட்டு வாங்கின ஒரே வண்டியில ஒருத்தர் ஸ்பேனரை வைக்கறார். திரும்பப் பூட்ட முடியலேன்னா அவ்வளவு வருஷம் இலை எடுத்த காசு மண்ணு. அந்தப் பயம் இருந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. இருந்தும் பிரிச்சார்.

இன்னிக்கு வண்டியைப் பிரிக்கறது அவ்வளவு லேசு இல்லங்கறதையும் சொல்லணும். வாரண்டி போயிடும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்புறம் சென்சார், இசியு, வயரிங்னு உள்ள ஒரு கம்ப்யூட்டர் லேபே இருக்கு. ஏபிஎஸ்ல கை வெச்சு விளையாடறது உயிரோட விளையாடறது. ஆனா ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பார்க்கவும், செயின் ஸ்லாக் அளக்கவும், பிளக் என்ன நிறத்துல எரிஞ்சிருக்குன்னு பார்க்கவும் எந்த வாரண்டியும் தடுக்கல. அதைக்கூட சர்வீஸ் சென்டர்ல விட்டுட்டு வெளிய உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கறோம். லேப்ல கட் செக்‌ஷன் என்ஜின் ஒண்ணு பெயின்ட் அடிச்சு நிக்குது. அதைப் பார்த்து வால்வு டைமிங் டயகிராம் வரைஞ்சா மார்க் வந்துடுது.

நாயுடு கதைக்கு வருவோம். மெக்கானிக் ஆனார். திருப்பூர்ல பருத்தி அரைக்கற தொழில்ல இறங்கி நல்ல காசு பார்த்தார். அதை எடுத்துக்கிட்டு பம்பாய் பருத்தி வியாபாரத்துக்குப் போய் மொத்தமும் விட்டார். திரும்ப சைபர். கோவையில ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யுஎம்எஸ்னு பெரிய கம்பெனியா வளர்ந்தது. நேரம் தவறாத பஸ்ஸுன்னு பேர் வாங்கினது. பஸ்ஸை ரிப்பேர் பண்ண ஒர்க்‌ஷாப், ஒர்க்‌ஷாப் இருந்ததால மத்த மெஷின், மெஷின் இருந்ததால புதுப் பொருள்னு ஒண்ணுலேருந்து ஒண்ணு கிளம்பினது.

1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து கோவையில மின் மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. அந்த ஊர்ல பம்புசெட் தொழில் இவ்வளவு பெரிசானதுக்கு இதெல்லாம்தான் வேர். டிரை செல்லுல ஓடற சின்ன மோட்டார் வெச்ச ரசான்ட் ஷேவிங் ரேசர், மெல்லிசான பிளேடு, பழச்சாறு பிழியற மெஷின், மண்ணெண்ணெய்ல ஓடற ஃபேன், திருட்டு ஓட்டுப் போட முடியாத ஓட்டு மெஷின். கேமராவைத் தூக்கிக்கிட்டு லண்டன் போய் 1936-ல அஞ்சாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிச்சார். பத்தடி உயரப் பருத்திச் செடி வளர்த்தார். பட்டியலைப் பார்த்தா பாதி பொய்யோன்னு தோணும். பாதிக்கு மேல கடைக்கு வரவே இல்லங்கறதும் உண்மை.

கடைக்கு வராததுல முக்கியமானது கார். 1952-ல ரெண்டு பேர் போற பெட்ரோல் கார் ஒண்ணைச் செஞ்சு காட்டினார். விலை 2,000 ரூபாய்னு சொன்னார். அரசாங்கம் லைசென்ஸ் தரல, கார் அங்கேயே நின்னுடுச்சு. 1951-ல வந்த தொழில் சட்டப்படி டெல்லி அனுமதி இல்லாம பெரிய அளவுல எதையும் செய்ய முடியாது. அதே காலத்துலதான் மெட்ராஸ்ல கார் அசெம்பிள் பண்ணிக்கிட்டிருந்த ஃபோர்டும் கடையைக் கட்டினது. அப்புறம் மறைமலை நகருக்கு வந்து, 2022-ல மறுபடி மூடினது தனிக் கதை.

இதுக்குப் பக்கத்துல ஒரு வண்டியை வெச்சுப் பாருங்க. 1955-ல இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோட மெட்ராஸ் மோட்டார்ஸ் கை கோத்து, திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு அது செங்கல்பட்டு ஜில்லா. ராணுவம் 800 புல்லட் ஆர்டர் கொடுத்ததுதான் அடித்தளம். வாங்கறவன் அரசாங்கமே, அதனால வழி திறந்தது. அதிலிருந்து வந்த கம்பெனிதான் இன்னிக்கு ஒரகடத்துலயும் வல்லம் வடகாலுலயும் பிளான்ட் வெச்சிருக்கு. நம்ம சீனியர்ல எத்தனை பேர் பிளேஸ்மென்ட் ஆனதும் அந்தப் பக்கம் பஸ் ஏறறாங்க. நாயுடுவோட காருக்கு அப்படிக் கேட்டு நிக்க ஒரு ஆள் இல்ல.

ஆனா மொத்தப் பழியையும் லைசென்ஸ் மேல போடறதும் சரியில்ல. ஒரு மாடலைச் செய்யறது வேற, அதையே பத்தாயிரம் செஞ்சு 2,000 ரூபாய்க்கு விக்கறது வேற. புரொடக்‌ஷன் பேப்பர்ல பாஸானவங்களுக்கு இது தெரியும். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்ல. யாரோடயும் ஒத்துப் போறது கஷ்டம், கோபம் வந்தா விட்டுட்டுப் போயிடுவார். வரி மேல இருந்த கோபத்துல தான் செஞ்ச பொருளையே ஜனங்க முன்னாடி உடைச்சுப் போட்டவர். பஸ்ஸை வளர்த்த பொறுமையை ஏன் காருக்குக் காட்டலன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல.

நம்மளை நேராத் தொடற சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு. 1945-ல கோவையில பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் ஆரம்பிக்கக் காரணமா இருந்தவர் இவர். அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேரை அதுக்கு வெச்சாங்க. மூணாங்கிளாஸ் தாண்டாத மனுஷன் இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால். வந்ததும் அவர் எடுத்த நிலை, இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் வேஸ்ட், ரெண்டு வருஷம் போதும்ங்கறது. மீதி நேரத்தைப் பையன் ஒர்க்‌ஷாப்ல மெஷினோட கழிக்கட்டும்னு நினைச்சார். அரசாங்கம் ஒத்துக்கல. பதவியை விட்டுட்டுப் போயிட்டார்.

ரெண்டு வருஷத்துல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் கன்ட்ரோல் சிஸ்டமும் முடியுமான்னு கேட்டா முடியாதுன்னுதான் நான் சொல்வேன். ரட்ஜைக் கண்ணாலயும் கையாலயும் புரிஞ்சுக்கலாம். இசியு-வை அப்படிப் புரிஞ்சுக்க முடியாது, அதுக்குக் கணக்கு வேணும், நேரம் வேணும். ஆனா நம்ம நாலு வருஷத்துல ஒரு என்ஜினை முழுசாப் பிரிச்சுப் பூட்டின நேரம் எத்தனை மணின்னு அவர் கேட்டா, தேர்ட் இயர் முடிச்ச நம்மள்ல எத்தனை பேர் தலை நிமிர்ந்து பதில் சொல்வோம்? இந்தத் தடவை பைக் ஷோவுக்குப் போன நம்ம பசங்கள்ல ஒருத்தன் மட்டும் ஸ்டால்ல இருந்த இன்ஜினியரைப் பிடிச்சு ஸ்லிப்பர் கிளட்ச்சைப் பத்தி அரை மணி நேரம் கேட்டுக்கிட்டிருந்தானாம். கூடப் போனவங்க அவனால பஸ்ஸை விட்டுட்டோம்னு திட்டித் தீர்க்கறாங்க.

நாயுடு 1974 ஜனவரி 4-ல, 80 வயசுல காலமானார். அவர் சேர்த்த மெஷின், கேமரா, கேட்ஜெட் எல்லாம் அவிநாசி ரோட்டுல கண்காட்சியா இருக்கு. 2015-லேருந்து ஜிடி கார் மியூசியமும் உண்டு. கோவைக்கு சிம்போசியம் போறவங்க ஒரு மதியம் ஒதுக்கலாம். அவரோட மனஸ்தாபமான காலேஜ் தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, இப்போ அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, ஜிசிடி. பழைய இடத்தோட பஸ் ஸ்டாப் பேர் மட்டும் மாறவே இல்ல. டவுன் பஸ்ல ஹோப் காலேஜ்னு டிக்கெட் கேட்டா இன்னிக்கும் கிழிச்சுக் கொடுப்பாங்க. இறங்கினா அங்க அந்தக் காலேஜ் இருக்காது. தலைக்கு மேல நாயுடு பேர்ல பாலம் போகும்.